மாரிசெல்வியின் மதியச் சாப்பாடு

அன்றைக்கு உங்கள் பேச்சை யாரும் காதில் வாங்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள், டாக்டர் அம்மா. அப்படி இல்லை. நான் கேட்டேன். பாதுகாப்பு வாரம் என்று எங்களையெல்லாம் கம்பெனி கேன்டீனில் உட்கார வைத்திருந்தார்கள். சூடான சோற்றையும் குழம்பையும் மெல்லிய பிளாஸ்டிக் கவரில் கட்டாதீர்கள், அதிலுள்ள ரசாயனம் சூட்டுக்குச் சாப்பாட்டில் இறங்கும், பெண்களின் ஹார்மோனைக் கெடுக்கலாம், கர்ப்பப்பைக்கும் ஆகாது என்று சந்தேகப்படுகிறார்கள் என்றீர்கள். கூட்டம் கலைந்ததும் எல்லோரும் எதிர்க் கடைக்குப் போய்க் கவரில்தான் டீ வாங்கி வந்தார்கள். நான் மட்டும் வாங்கவில்லை.

இந்த வருஷமும் நீங்கள் பேச வருவதாகப் போர்டில் பார்த்தேன். அதனால்தான் எல்லோரும் போகட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்சம் உட்காருங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சுடலைக்கண்ணு. ஊர் திசையன்விளைப் பக்கம். இங்கே வடக்குப்பட்டில் வாடகை வீட்டில் நானும் என் மனைவி மாரிசெல்வியும் இருக்கிறோம். காருக்கு ஒயர் கட்டும் சின்ன யூனிட் ஒன்றில் அவளுக்கு வேலை. அங்கே கேன்டீன் கிடையாது. வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கொண்டு போவாள்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. நீங்கள் முதல்முறை வந்ததற்குக் கொஞ்சம் முன்னால்தான் இருவரும் பரிசோதனை செய்துகொண்டோம். முடிவு கேட்க நான் மட்டும் போனேன். அவளிடம் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்க என்னிடம்தான், அதைச் சரி செய்யவும் வழியில்லை என்றார் அந்த டாக்டர். வீட்டுக்கு வந்து அவளிடம், "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லையாம்ட்டி. சாமி குடுக்கும்போது குடுக்கும்" என்றேன். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மாரிசெல்வி தங்கமானவள். உண்மை தெரிந்தாலும் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவாள், அவ்வளவுதான். எனக்குப் பயமே அதில்தான். புருஷனும் பெண்டாட்டியும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அவளுக்கும் ஒரு குறை வந்துவிட்டால் யாரும் யாரையும் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. இப்படி யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நீங்கள் வந்து பேசினீர்கள்.

மறுநாளே, "இந்த டப்பாவை எதுக்குட்டி பஸ்ல தூக்கிச் சுமக்கே? நானே கவர்ல கட்டித் தாரேன். சாப்பிட்டுட்டு அங்கேயே போட்டுட்டு வா" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முதல் காலையில் சமையல் என் பொறுப்பு. ரசம் கொதிக்கும்போதே கவரில் ஊற்றி நூலைச் சுற்றிவிடுவேன். ஆறவிடமாட்டேன். உள்ளே ஆவி பிடித்துக் கவர் வெளுத்துப் போகும். வீட்டுக்கார மரகதம் அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இன்னாபா, பொண்டாட்டிக்கு நீயே கட்டிக் குடுக்கிறியா? எங்க வூட்டுக்காரருக்கு அடுப்பு எந்தப் பக்கம் கீதுன்னே தெரியாது" என்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

மாரிசெல்வியின் பக்கத்து இருக்கையில் தென்றல் என்று ஒரு பெண். மண்ணூர்க்காரி. மசக்கையில் எதைத் தின்றாலும் வாந்தி. ஒருநாள் மாரிசெல்வியின் சாப்பாட்டில் இரண்டு வாய் சாப்பிட்டிருக்கிறாள். அது வயிற்றில் தங்கியிருக்கிறது. அன்று என் மனைவி வீட்டுக்கு வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏங்க, நீங்க வைக்கிற ரசஞ்சோறுதான் அவளுக்கு இறங்குதாம். நாளையில இருந்து அவளுக்கும் ஒண்ணு கட்டுங்க. புள்ளத்தாச்சிக்குக் குடுத்தா நமக்கும் ஒரு வழி பொறக்கும்லா."

மறுநாள் காலையில் பரணிலிருந்து டப்பாவை எடுத்துக் கழுவித் துடைத்தேன். அதை நீங்கள் நம்ப வேண்டும். தென்றல் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் மாரிசெல்வி பார்த்துவிட்டு, "அவளுக்கு மட்டும் டப்பாவா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். டப்பாவை வைத்துவிட்டு இரண்டு கவரை எடுத்தேன். அன்றிலிருந்து தினமும் இரண்டு பொட்டலம்.

வளைகாப்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். தென்றல் என்னைத் தன் மாமியாரிடம் காட்டி, "இந்த அண்ணன்தான் எனக்குச் சோறு போட்டுகினு கீறாரு" என்றாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே சொன்னாள். நான் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் குழந்தை வயிற்றிலேயே அசைவை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரியில், காரணம் தெரியவில்லை, சில நேரம் இப்படி ஆகும் என்றார்கள். புதைக்கப் போகும்போது தென்றலின் புருஷன் சக்திகுமார் பாதி வழியில் நின்றுவிட்டான். துணியில் சுற்றியிருந்ததை என்னிடம் கொடுத்து, "அண்ணா, கொஞ்சம் புடி" என்றான். வாங்கினேன். நான் தினமும் கட்டிய பொட்டலத்தின் கனம்தான் இருந்தது. அந்தக் கனம் என் கையை விட்டுப் போகவே இல்லை, டாக்டர் அம்மா. சோற்றில் ஆவி பறந்தால் என்னால் தட்டைத் தொட முடியவில்லை.

தென்றலின் மாமியார் யூனிட் வாசலுக்கே வந்துவிட்டாள். "புள்ள இல்லாதவ கையால வாங்கித் துன்னாதடின்னு தலைப்பாடா அட்சிக்கினேன், கேட்டாளா?" என்று எல்லோர் முன்னாலும் மாரிசெல்வியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். லைனில் இருந்த பெண்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் கண்ணுதான் பட்டுட்டுதாங்க? எனக்கில்லையேன்னு ஒருநாள் மனசுல நெனச்சிட்டேன். எங்கிட்டதான் ஏதோ கொறை இருக்கு. நீங்க வேற ஒருத்தியக் கட்டிக்கிடுங்க."

உண்மையைச் சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. வாய்வரை வந்தது. ஆனால் அவள் என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "அழாதட்டி, உன்னை நான் விட்டுருவேனா?" என்று தூக்கி நிறுத்தினேன். நான் அவளை மன்னித்துவிட்டதாக அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன்.

இப்போது அவள் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. நான் கட்டிக் கொடுத்தால் மட்டும் கொஞ்சம் சாப்பிடுகிறாள். கவரில்தான் கட்டுகிறேன்.

இன்றைக்கும் நீங்கள் ஆராய்ச்சி நடக்கிறது, இன்னும் உறுதியாகவில்லை என்றே சொன்னீர்கள். எனக்கு அது போதவில்லை. கவரால் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்தக் குழந்தையை நான் கொல்லவில்லை. ஆனால் அப்படியென்றால் மாரிசெல்விக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அவள் முழுசாக இருப்பாள், நான் மட்டும்தான் இப்படி இருப்பேன்.

அதனால் குழந்தை போனது நான் கட்டிய பொட்டலத்தால்தான் என்று உங்கள் வாயால் ஒருமுறை சொல்லிவிடுங்கள். அதை நான் தாங்கிக்கொள்வேன்.