அறுபத்தோராம் இலக்கத் தகடு

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஆய்வுகூடச் சாப்பாட்டறையில் மீன் தருவார்கள். அன்றும் நான் மீன்தான் சாப்பிட்டேன். கூட வேலை செய்த தபோதரன் அண்ணை தன் தட்டில் இருந்த எலுமிச்சைத் துண்டையும் எனக்குத் தந்தார்.

தமிழில் சொல்லலாம் என்றீர்கள், நன்றி. எனக்கு ஜேர்மன் நன்றாகவே வரும். ஆனால் அந்த மொழியில் நான் தேவைக்கு மேல் மன்னிப்புக் கேட்கிறேன். மொழிபெயர்க்கும் அக்காவுக்குச் சிரமமில்லாமல் மெதுவாகவே சொல்கிறேன்.

ஹம்பேர்க்கில் நாங்கள் ஆராய்வது நிலக்கரி. வடதுருவத்துக்கு அருகே, மரமே முளைக்காத ஒரு தீவில் வெட்டிய கரி. அங்கே மாரிக் குளிர்காலத்தில் சூரியன் எழாது. கடல் உறைந்தால் கோடைவரை கப்பலும் வராது. எழுபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு மாரியில், சுரங்கம் வெடித்துப் பதினான்கு பேர் இறந்தார்கள். விசாரிக்க வேண்டியவர்கள் கோடைக் கப்பலில் வந்தார்கள். கப்பலில் கரி ஏற்றி முடிவதற்குள் விசாரணையும் முடிந்தது. ரூர் பகுதியிலிருந்து வேலைக்குப் போன ஒரு ஜேர்மன்காரர் உள்ளே சிகரெட் பற்றவைத்தார் என்று எழுதினார்கள். அவரும் இறந்தவர்களில் ஒருவர்.

அவருடைய மகள் இல்சேக்கு இப்போது எண்பத்தொரு வயது. ஆறு வயதிலிருந்து அந்தச் சிகரெட்டோடு வாழ்ந்தவர்.

அந்தக் கரியில் எரிவாயு அளவுக்கு மிஞ்சி இருந்தது என்று என் ஆய்வு காட்டியது. பிக்காசு கல்லில் பட்ட பொறியே போதும், சிகரெட் தேவையில்லை. பத்திரிகைகள் எழுதின. எனக்கு ஒரு விருது கிடைத்தது. இல்சே என் கையைப் பிடித்துக்கொண்டு, தகப்பனின் படத்தை முதன்முறையாகச் சுவரில் மாட்டியதாகச் சொன்னார். என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

கரித்துண்டுகளை மைனஸ் இருபத்தைந்தில் குளிரறையில் வைத்திருப்போம். அன்று மூன்று மணிக்கு அண்ணை என்னை உள்ளே கூப்பிட்டார்.

“இஞ்சை வாரும், பிள்ளை. இந்த மூடி இந்தப் பெட்டியின்ரை இல்லை. முதல் எடுத்து வைச்ச படத்தைப் பாரும், கரியின்ரை உடைஞ்ச விளிம்பு பொருந்தேல்லை. கலியாண வீட்டிலை செருப்பு மாறின மாதிரி மாறிப்போச்சு.”

இலக்கம் மூடியில் மட்டும்தான் எழுதியிருக்கும். முன்பொருநாள் உறைபனி சுரண்ட இரண்டு மூடிகளைக் கழற்றியது நான்தான்.

“அப்ப முடிவு, அண்ணை?”

“முடிவு பிழை. நீர் அளந்தது பக்கத்துச் சுரங்கத்துக் கரி. ஏன் முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீர்? பிழை விடாத ஆக்கள் செத்த ஆக்கள்தான். திங்கக்கிழமை ரெண்டு பேருமா இருந்து எழுதுவம்.”

இன்னும் ஏதோ சொன்னார். பிறகு மற்றப் பெட்டிகளைப் பார்க்கக் குனிந்தார்.

குளிரறையின் உட்கைப்பிடியும் அழைப்புமணியும் பழுது. திருத்துபவர் வருவதற்குச் செவ்வாய்க்கிழமைதான் தெர்மின், அதாவது நேரம், கிடைத்திருந்தது. அதுவரை கதவுக்கு ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்திருந்தோம். நான் வெளியே வந்து அந்தக் கட்டையை எடுத்தேன். கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். நான் தள்ளவில்லை.

அடுத்தது தகடு. அந்தத் தீவில் சுரங்கத்துக்குள் இறங்குபவர்கள் இலக்கமிட்ட பித்தளைத் தகட்டைப் பலகையில் மாட்டிவிட்டுப் போவார்கள். மாலையில் தகடு எஞ்சினால் ஆளைத் தேடுவார்கள். சுரங்கம் மூடியபோது சில தகடுகளை அண்ணை கேட்டு வாங்கி வந்து, எங்கள் குளிரறை வாசலிலும் அதே வழக்கத்தை வைத்தார். மேல்வரிசை உள்ளே இருப்பவர்களுக்கு, கீழ்வரிசை வெளியே வந்தவர்களுக்கு. அவருடைய இலக்கம் அறுபத்தொன்று. அதைக் கீழே மாட்டினேன். என்னுடையதையும்தான்.

தட்டுகிற சத்தம் கேட்டதா என்று கேட்டீர்கள். கேட்டது. முதலில் மெதுவாக, நான் எங்கோ கவனமாக வேலை செய்கிறேன் என்று நினைப்பவரைப் போல. பிறகு குளிரூட்டி இயங்கத் தொடங்கியது.

நான்கு மணிக்குக் காவல் வேலை பார்க்கும் கொறற்றி அக்கா வந்து பலகையைப் பார்த்தார்.

“எல்லாரும் வெளிக்கிட்டாச்சோ?”

“ஓம் அக்கா.”

“தபோதரன் அண்ணையுமோ? என்னைப் பகிடி பண்ணாமல் போகமாட்டாரே மனுசன்.”

“ஏதோ அவசரமாம்.”

“நீரும் போம் பிள்ளை, வெள்ளிக்கிழமையிலை என்ன வேலை.” சொல்லிக்கொண்டே குளிரறையின் விளக்கை அணைத்தார். ஆளி வெளியேதான் இருக்கிறது. அவர் மீது பழி வேண்டாம். அவர் பலகையை நம்பினார்.

எனக்கு அண்ணையில் கோபமில்லை. எண்பத்தொரு வயதில் ஒரு மனுசி சுவரிலிருந்து தகப்பனின் படத்தை மறுபடி கழற்றுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அண்ணையா இல்சேயா என்று நிறுத்துப் பார்த்தேன். விஞ்ஞானம் படித்தவள் அப்படித்தான் யோசிப்பாள்.

அண்ணையின் செத்தவீட்டுக்கு இல்சே வந்திருந்தார். அந்த வெள்ளிக்கு முந்தின ஞாயிறு அண்ணை கேக் வாங்கிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்து, முடிவு பிழையாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் சொன்னதாகச் சொன்னார். படத்தைத் தான் கழற்றவில்லை என்றார். தகப்பன் தகப்பன்தானே என்றார். பிழை விட்ட அந்தப் பெண்ணின், அதாவது என்னுடைய, பெயரை மட்டும் வெளியே விடாதே என்று அண்ணையிடம் கேட்டுக்கொண்டாராம்.

இது எனக்கு எப்போது தெரியும் என்று மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். அண்ணை குனிவதற்கு முன் சொன்னது அதுதான். “இல்சேயிட்டைச் சொல்லிப்போட்டன். அவ ஏசேல்லை.”

தெளிவாகவே கேட்டது. கதவு அப்போது திறந்திருந்தது. ஆனாலும், எழுதிக்கொள்ளுங்கள், இல்சேக்காகத்தான் நான் அந்தக் கட்டையை எடுத்தேன்.