கதவு வரும்வரை

ஓடுகிறோம். முன்னால் ரப்பர்ப் பால்வெட்டுக்காரன் ஒருவன். பின்னால் ஒருவன். இருவர் தோளிலும் காண்டாக் கம்பு. பால் வாளி சுமக்கிற அதே கம்பு. அதில் கம்பளியைத் தூளியாகக் கட்டியிருக்கிறோம். தூளிக்குள் கருப்பண்ணன். பக்கத்தில் நான், அவன் தலையைத் தாங்கியபடி.

1915. மாசி மாதம். வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணி. ரப்பர் நிரைகளுக்கு நடுவே தரை ஈரம். கால் வழுக்குகிறது.

"நிக்காத! ஓடு! சிப்பாய் வர்றான்!"

கத்துவது நான்தான்.

தூளிக்குள் கருப்பண்ணன் மடிந்து கிடக்கிறான். முதுகு ஒடிந்தவன் மடியக் கூடாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடுகிறேன்.

என் பெயர் சின்னையா. மாசாய்ப் பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண் கட்டுவேன், மருந்து கலப்பேன். அத்தாப்பு ஓலைக் கூரை, எட்டுக் கட்டில். தண்ணீருக்கு அக்கரையில் சிங்கப்பூர். எங்கள் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சீமையில் எலும்பு அறுவை படித்தவர். அதிலும் முதுகெலும்பு என்றால் அவருக்கு உயிர். காய்ச்சல் என்று வந்தவனைக்கூடக் குப்புறப் படுக்கவைத்து, முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மருந்து எழுதுவார். அவர் இல்லாதபோது முதுகு டாக்டர் என்போம்.

காடு வெட்டும்போது கருப்பண்ணன் மேல் மரம் சாய்ந்தது. ஆறு வாரமாகப் பலகையில் படுத்திருந்தான், இரண்டு பக்கமும் மணல் மூட்டை. அவனைப் புரட்ட நான்கு பேர் வேண்டும். டாக்டர் தலைமாட்டில் நிற்பார். "ஒண்டு, ரெண்டு, மூண்டு." மூண்டுக்கு நால்வர் கையும் ஒன்றாக எழ வேண்டும். ஒரு கை முந்தினால் எல்லோரும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எரிச்சலாக வரும். வாய்க்குள் திட்டிக்கொண்டே செய்தோம்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அவன் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. டாக்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

"டாக்டரய்யா, தீவாளிக்கு நடந்துருவேனுங்களா?"

"நடப்பாய். அவசரப்படாதை."

அக்கரையில் சிப்பாய்கள் கலகம் என்று அதே வாரம் செய்தி வந்திருந்தது. தப்பியவர்கள் படகேறி இந்தப் பக்கம் வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லயத்திலிருந்து கூச்சல்.

"சிப்பாய் வந்துட்டான்! காட்டுக்கு ஓடுங்க!"

நடக்க முடிந்த நோயாளிகள் ஓடினார்கள். மிஞ்சியது இரண்டு பேர். கருப்பண்ணனும் மாரியாயியும். மாரியாயிக்கு முதுகெலும்பில் காசநோய். மாவுக்கட்டுக்குள் கிடந்தாள், காய்ச்சல் வேறு. டாக்டர் வார்டுக் கதவைக் கீலோடு பெயர்த்தார். இருந்தது ஒரு கதவுதான். மாரியாயியை அதில் கிடத்தி, அவரும் சமையல்காரரும் காட்டுக்குக் கொண்டுபோகத் தூக்கினார்கள்.

"சின்னையா, இருவது நிமிஷத்திலை கதவு திரும்பி வரும். அதுவரைக்கும் அவனைத் தொடாதை. ஆர் வந்தாலும் தொடாதை."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினாறு நிமிடம் நின்றேன்.

வெடி. ஒன்று. சீனக் கூலிகளின் கொங்சிக் கொட்டகையில் புத்தாண்டுப் பட்டாசோ என்று ஒரு கணம் நினைத்தேன். பட்டாசு சரமாக வெடிக்கும். இது ஒன்றோடு நின்றது.

என் தைரியம் அவ்வளவுதான். தோட்டத்தில் சீக்காளியைக் கம்பில் தூளி கட்டித்தான் தூக்குவோம். கைக்குப் பழகிய வேலை. வாசலில் ஓடிய இரண்டு பால்வெட்டுக்காரர்களை மறித்தேன்.

"வேணாண்ணே," என்றான் கருப்பண்ணன். "டாக்டர் வரட்டும். நீங்க ஓடுங்க, நான் கெடக்கறேன்."

"சும்மா கெட!"

தூக்கினோம். ஒன்று, இரண்டு, மூன்று சொல்லவில்லை.

ஓடுகிறோம். முன்னால் போனவன் வழுக்குகிறான். கம்பு சாய்கிறது. தூளிக்குள் சத்தம். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அதைவிடப் பெரிதில்லை.

"அண்ணே, என் காலு எங்கண்ணே?"

எதிரே டாக்டர் வருகிறார். தலையில் கதவு. மூச்சிரைக்கிறது. எங்களைப் பார்த்தார். கதவை இறக்கினார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சட்டையிலிருந்து ஊசியை எடுத்துக் கருப்பண்ணனின் கட்டைவிரலில் குத்தினார். மறுபடி குத்தினார். இரத்தம் வந்தது.

"குத்துங்க டாக்டரய்யா," என்றான் அவன். "நான் பொறுத்துக்கறேன்."

சுட்டது சிப்பாய் இல்லை. எங்கள் தோட்டத்து ஜாகா. காவல்காரன். லாலாங் புல் அசைந்தது, சுட்டுவிட்டான். காட்டுப்பன்றி. அதற்கும் அடி படவில்லை. சிப்பாய்கள் மத்தியானம் வந்தார்கள். இரண்டு பேர். காலில் பூட்ஸ் இல்லை. துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்கள். அவர்களின் காலுக்கு நான்தான் கட்டுப் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு மணிக்கு ஒருமுறை கருப்பண்ணனைப் புரட்டினோம். நான்கு பேர். மற்ற மூவர் மாறுவார்கள். நான் மாறவில்லை. உடம்பில் ஒரு படுக்கைப்புண் வர விடவில்லை டாக்டர். ஆனால் மூத்திரம் கட்டியது. காய்ச்சல் பிடித்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் போனான்.

'இடம் மாற்றும்போது முதுகுத்தண்டு நரம்பு அறுந்தது' என்று டாக்டர் ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் எழுதியிருந்தார். மாற்றியது யார் என்று எழுதவில்லை. அவன் உயிரோடிருந்தபோதே அவரிடம் போய், என் பெயரை எழுதுங்கள் என்றேன்.

"எழுதினா அவன் எழும்புவானோ? வா, புரட்டுற நேரம்."

அவர் எழுதாததை நான் எழுதுகிறேன். களைத்துவிட்டேன், இருந்தாலும் எழுதுகிறேன். குண்டு பட்டவர் ஒருவரும் இல்லை. மாரியாயி பிழைத்தாள், மறு வருஷம் நடந்தாள். வார்டுக் கதவின் கீல் இரண்டும் போயின. ஒரு கம்பளி கிழிந்தது. செத்தவர் ஒருவர். கருப்பண்ணன், வயது முப்பத்தொன்று, சேலத்துப் பக்கம். தூக்கியவன் டிரஸ்ஸர் சின்னையா.

கதவு வர இன்னும் நாலு நிமிடம் இருந்தது.