ஊரெல்லாம் மீனம்பாள் பெயர் எழுந்த திங்கட்கிழமை

நிறைகுடமாய் நடுவில் வீற்றிருந்து, நான் நீட்டி முழக்கினால் அடிப்பதற்கென்றே கையருகில் மணியும் வைத்திருக்கும் வணிகர் சங்கத் தலைவி வளர்மதி அம்மையார் அவர்களே, முன்வரிசையை முதலில் பிடித்து மூன்றாம் வரிசைக்கு மேடையே தெரியாமல் செய்துவிட்ட பெரியோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையும் கொண்டு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கோட்டை இணைய சேவையின் உரிமையாளர் கோவிந்தசாமி அவர்களே, இவ்விழாவின் நாயகியாய்ப் பொன்னாடைக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பொறியாளர் கலைவாணி அவர்களே, உங்கள் எல்லோருக்கும் செஞ்சிக் கடைவீதிப் பாத்திரக்கடை ஆதிநாதனின் வணக்கம்.

பாத்திரக்காரனுக்கு இணையத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எனக்குப் பெயர் வெட்டத் தெரியும், ஐயா. குடமா, குத்துவிளக்கா, கும்பாவா, கொண்டு வாருங்கள். "அம்மாக்கண்ணு அன்பளிப்பு" என்று ஐந்து நிமிடத்தில் வெட்டித் தருவேன். இந்தக் கலைவாணியோ ஆயிரத்து நூறு வீட்டுப் பெட்டிகளில், இருந்த நாற்காலியை விட்டு எழாமல் பெயர் வெட்டுகிறவர். எப்படி வெட்டுகிறார்? சொல்கிறேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் பச்சை விளக்கு மினுக்கும் இணையப் பெட்டி, ஒரு காலத்தில் தானாக எதுவும் அறியாது. நம் கம்பி வேலைக்காரர் குரு பைக்கில் வர வேண்டும். மடிக்கணினியைத் திறக்க வேண்டும். பெயர் போட வேண்டும். கடவுச்சொல் போட வேண்டும். சீயமங்கலத்தில் ஒரு வீடு, மேல்சித்தாமூரில் ஒரு வீடு, நடுவில் இரண்டு பஞ்சர். அந்தக் குருவின் முதுகெலும்புக்கு விடுதலை வாங்கித் தந்தவர் யார்? கலைவாணி. அலுவலகத்தில் ஒரு சர்வரை நிறுத்தி, ஒவ்வொரு பெட்டியின் எண்ணையும் அதில் பதித்து வைத்தார். பெட்டியைப் போட்டவுடன் அது சர்வரைக் கூப்பிடும். "என் எண் இது, நான் யார் வீடு?" என்று கேட்கும். "நீ இன்னார் வீடு, உன் பெயர் இது, உன் கடவுச்சொல் இது, உன் வேகம் இவ்வளவு" என்று சர்வர் சொல்லும். சொன்னபடி பெட்டி நடக்கும். அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு முறை கூப்பிட்டு, "புதுசா ஏதாவது உண்டா?" என்று கேட்டுக்கொள்ளும். நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் கூப்பிடுகிறார்களா இப்படி?

கைதட்டாதீர்கள், அம்மா. உங்கள் பிள்ளைகள் பின்வரிசையில்தான் இருக்கிறார்கள்.

இப்படி எல்லாம் இனிதே நடந்துகொண்டிருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தையற்கடை மீனம்பாள் அம்மையார் கலைவாணியைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கடைக்கு ரவிக்கை தைக்க வருகிறவர்கள் துணியைத் தருவதற்கு முன்பே வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கிறார்களாம்.

"பேரையே மாத்திடும்மா. 'மீனம்பாள் கடை கேக்காதே'ன்னு போட்டுடு. போன்ல பாத்தாவே புரிஞ்சிடணும்."

"அவ்ளோதானே, போட்டுடறேன்கா" என்றார் கலைவாணி.

போட்டார். எங்கே போட்டார்? மீனம்பாள் பெட்டி என்ற கட்டத்தில் போட வேண்டியதை, எல்லாப் பெட்டிகளும் என்ற கட்டத்தில் போட்டுவிட்டார். ஒரு கட்டம், ஐயா. ஒரே ஒரு கட்டம் மேலே போய்விட்டது. பாத்திரத்தில் நான் "அன்பளிப்பு" என்பதை "அன்பளப்பு" என்று வெட்டினால் ஒரு குடத்தோடு போகும். இது அப்படிப் போகுமா? நாளுக்கு ஒரு முறை கூப்பிடும் நல்ல பிள்ளைகளான ஆயிரத்து நூறு பெட்டிகளும் அன்றைக்கும் தவறாமல் கூப்பிட்டன. புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டன. உண்டு என்றது சர்வர்.

திங்கட்கிழமை விடிந்தது. செஞ்சியில் வைஃபை தேடியவர்கள் என்ன கண்டார்கள்? பேருந்து நிலையத்தில் மீனம்பாள். பத்திர எழுத்தர் மேசையில் மீனம்பாள். பச்சமுத்து டீக்கடையில் மீனம்பாள். மேல்சித்தாமூரில் என் வீட்டுக் கூடத்தில் மீனம்பாள். எங்கு திரும்பினாலும் மீனம்பாள் கடை, எங்கு தொட்டாலும் கேக்காதே. பழைய கடவுச்சொல்லைப் போட்டால் பெட்டி ஏற்கவில்லை. பெயரோடு மீனம்பாள் கடையின் கடவுச்சொல்லும் சேர்ந்தே எல்லாப் பெட்டிக்கும் போயிருந்தது; ஊரில் அது அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

ஊர் என்ன செய்யும்? தையற்கடைக்குப் போனது. பத்து மணிக்கெல்லாம் வரிசை மாட்டாஸ்பத்திரி வரை நீண்டது. முதலில் நின்றவர் பச்சமுத்து.

"இன்னாக்கா, ஊரு நெட்டையெல்லாம் வளைச்சிப் போட்டுட்ட? பாஸ்வேர்ட சொல்லு, வியாபாரம் நிக்குது."

மீனம்பாள் தையல் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை. "உன் போன்ல இன்னா எழுதியிருக்குது, படி."

"மீனம்பாள் கடை கேக்காதே."

"படிக்கத் தெரியுதில்ல. அப்புறம் எதுக்குக் கேக்கற?"

செஞ்சி வரலாற்றில் முற்றுகைகள் பல உண்டு. ஆனால் ஒரு தையல் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஊசியில் நூல் கோத்தபடியே ஒரு முற்றுகையை முறியடித்தவர் மீனம்பாள் ஒருவரே.

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. ஏன்? என் மகள் ஜினிஷாவுக்கு அன்று பகல் மூன்று மணிக்கு நேர்முகத் தேர்வு. கணினித் திரையில் முகம் பார்த்துக் கேள்வி கேட்பார்களாம். படித்து முடித்து ஓராண்டாய்க் காத்திருந்து அவளுக்கு வந்த முதல் அழைப்பு. எங்கள் வீட்டுக்குள் கைப்பேசிச் சிக்னலோ தூரத்து உறவு மாதிரி. மொட்டைமாடிக்கு ஏறினால்தான் முகம் காட்டும், அங்கேயும் பேச்சு வரும், படம் வராது. மாடியிலிருந்து அவள் கடைக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நெட்டு மீனம்பாள் அக்கா பேர்ல இருக்குது. நான் இன்னா பண்றது?"

கடையைப் பாதியில் சாத்திவிட்டுக் கோவிந்தசாமி அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே நூறு பேர் கூடியிருந்தார்கள். கோவிந்தசாமி ஒரு யோசனை சொன்னார்: மீனம்பாளின் கடவுச்சொல்லையே எல்லோருக்கும் சொல்லிவிடலாம். கலைவாணி ஒப்பவில்லை. "சார், அப்புறம் ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி ஆயிடும். யாரும் யார் வீட்டுக்குள்ளயும் பூந்துடலாம்." சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? வாசலுக்கு வந்தார். படிக்கட்டில் நின்றார். யாரையும் கை காட்டவில்லை. சர்வரைக் குறை சொல்லவில்லை, மின்சாரத்தைக் குறை சொல்லவில்லை, மழையைக் குறை சொல்லவில்லை. அன்று மழையும் இல்லை.

"தப்பு என்னுது. நேத்து நான்தான் தப்பான கட்டத்துல போட்டுட்டேன். சர்வர்ல சரி பண்ணிட்டேன். பெட்டிய அணைச்சிப் போட்டா உடனே சரியாயிடும். ஆனா எல்லாரும் ஒண்ணா போடாதீங்க, சர்வர் தாங்காது. நாப்பது வீடு நாப்பது வீடா, தெரு தெருவா நான் சொல்றேன்."

மகளின் தேர்வைப் பற்றி நான் போனதுமே சொல்லியிருந்தேன்; என்னைப் பார்த்து, "அண்ணா, ஜினிஷா மூணு மணிக்குள்ள உக்காந்துடும். பயப்படாதீங்க" என்றும் சொன்னார்.

அன்பர்களே, அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. "எல்லாரும் ஓடுங்க, இப்பவே அணைச்சிப் போடுங்க, மேடம் சொல்லிட்டாங்க" என்றது அந்தக் குரல். முன்னால் நின்றவர்கள் காதில் கலைவாணி சொன்னது விழுந்திருந்தது. பின்னால் நின்றவர்கள் காதில் இதுதான் விழுந்தது. கூட்டம் கலைந்து ஓடியது. ஓடியவர்கள் ஊருக்கெல்லாம் போன் போட்டார்கள். கால் மணி நேரத்தில் ஆயிரத்து நூறு பெட்டிகளும் ஒரே மூச்சில் எழுந்து, ஒரே குரலில், "நான் யார் வீடு? நான் யார் வீடு?" என்று சர்வரைக் கேட்டன. சர்வர் மூர்ச்சையாகிவிட்டது.

அந்தக் குரல் யாருடையது என்று மூன்று மாதமாகக் கடைவீதியில் பேச்சு. சிலர் பச்சமுத்து என்றார்கள். பாவம், அவர் இன்னும் தையற்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தலைவி அவர்களே, மணியைக் கொஞ்சம் கீழே வையுங்கள். அந்தக் குரல் என்னுடையது.

சத்தம் போடாதீர்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். மகளின் மூன்று மணி நெஞ்சில் இடிக்க, "உடனே சரியாயிடும்" என்றது மட்டும்தான் என் மனத்தில் நின்றது. கோவிந்தசாமி அவர்களே, என்னை அப்படிப் பார்க்காதீர்கள்.

கோவிந்தசாமி அன்று கலைவாணியிடம், "ஒரு தப்பு பத்தாதுன்னு ரெண்டாவதா? நாளைலருந்து வர வேணாம்மா" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். வாயைத் திறந்தேனா? இல்லை. மூன்று மணிக்கு முன் கலைவாணி எழுந்து போய்விட்டால் என் மகள் கதி என்ன என்று மட்டும் நினைத்தேன். கலைவாணி என்னை ஒரு முறை பார்த்தார். அந்தக் குரலை அவர் அறிந்திருந்தார். பார்த்துவிட்டு, "சார், நாளைக்குத்தானே. இன்னைக்கு முடிச்சிட்டுப் போறேன்" என்று திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இனி ஒரே வழி. எல்லாப் பெட்டியும் அணைந்தே கிடக்க வேண்டும். பெயர் சொன்ன தெரு மட்டும் போட வேண்டும். ஊருக்குச் சொல்வது யார்? குரு ஒரு ஷேர் ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்தார். அவர் குரல் அவருக்கே கேட்காது. அப்போது, கழுத்தில் அளவு நாடாவோடு மீனம்பாள் வந்து இறங்கினார்.

"எம் பேருதானே ஊரெல்லாம் குந்திக்கினு இருக்குது. அதக் கெளப்ப நானே சொல்றேன். மைக்கக் குடு."

அன்று அந்தக் குரலைக் கேட்டவர்கள் மறப்பார்களா? "அணைச்சது அணைச்சபடியே இருக்கட்டும். முதல்ல ஆஸ்பத்திரித் தெரு, இப்பப் போடு. பெரிய தெருக்காரங்க கைய எடு, உங்கள இன்னும் கூப்பிடல." மாமியார்கள் அடங்கினார்கள். கடைக்காரர்கள் அடங்கினார்கள். தெருத் தெருவாக மீனம்பாள் பெயர் மறைந்து, அவரவர் பெயர் மலர்ந்தது. வெளியூர்களுக்குப் போன் செய்யும் வேலையைக் கலைவாணி எனக்குத் தந்தார். "அண்ணா, உங்க குரல் நல்லா எட்டுது. நீங்க பண்ணுங்க" என்றார். அந்த ஒரு சொல்லோடு விட்டார்.

எங்கள் ஊர் வரிசையில் ஏழாவது. முன்னால் தள்ளச் சொல்லிக் கேட்க எனக்கு நா எழவில்லை. இரண்டே முக்காலுக்கு மேல்சித்தாமூர் வந்தது. ஜினிஷா மாடியிலிருந்து இறங்கி நாற்பது வீட்டுக் கதவையும் தட்டி, "போடுங்க, போடுங்க" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்கத் தன் திரை முன்னால் போய் உட்கார்ந்தாள். மூன்றாக இரண்டு நிமிடம்.

வேலை கிடைத்ததா என்று கேட்கிறார் மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா. கிடைக்கவில்லை, அம்மா. மாலை அவளிடம் கேட்டேன். "நெட்டு ரொம்ப நல்லா வந்துச்சிப்பா. அதான் பிரச்சினை. கேட்ட கேள்வியெல்லாம் தெளிவா கேட்டுச்சி, பதில்தான் தெரியல" என்றாள். போன மாதம் இன்னொரு தேர்வில் தேறினாள்; இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள்.

கலைவாணி எப்படி வேலையில் நீடித்தார்? மறுநாள் காலை அவர் வரவில்லை. பதினோரு மணிக்கு ஒரு புதுப் பெட்டி சர்வரைக் கூப்பிட்டது. என்ன செய்வதென்று கோவிந்தசாமிக்குத் தெரியவில்லை, குருவுக்கும் தெரியவில்லை. பதினொன்றே காலுக்குக் கோவிந்தசாமி தன் காரில் போய், கலைவாணி வீட்டு வாசலில் நின்று வேலைக்குத் திரும்ப அழைத்தார். கோவிந்தசாமி மறுக்கவில்லை, தலையாட்டுகிறார், பாருங்கள்.

ஒரு வாரம் கழித்துக் கலைவாணி குக்கர் வாங்க வந்தபோது, ஏனம்மா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு எந்தத் தெரு பாக்கின்னு பாக்கறதுக்கே நேரம் இல்ல. யாரு கத்தினான்னு எங்க பாக்கறது? நீங்களா சொன்னா சொல்லுங்க" என்றார். நானாகச் சொல்ல மூன்று மாதமும், ஒரு மேடையும், ஒரு மைக்கும் எனக்குத் தேவைப்பட்டன. அவருக்கு ஒரு படிக்கட்டு போதுமானதாக இருந்தது.

தவறாத கை உண்டா, ஐயா? உளி பிடித்தவன் கையும் தவறும், ஊசி பிடித்தவள் கையும் தவறும், ஊரைப் பிடித்தவர் கையும் தவறும். தவறிய கையை உயர்த்திக் காட்டி "இது என் கை" என்று சொல்வதற்கு நெஞ்சில் எத்தனை உரம் வேண்டும்? அந்த உரத்துக்குத்தான் இந்தப் பொன்னாடை. ஒரு சர்வரை நிறுத்தியதற்கு மட்டும் அல்ல, அது விழுந்தபோது தான் நிமிர்ந்து நின்றதற்காகவும்.

கலைவாணி அம்மா, இரண்டாவது தவறு உங்களுடையது அல்ல. இந்த ஊர் கேட்கச் சொல்கிறேன்: அது ஆதிநாதனுடையது. என்னை மன்னியுங்கள்.

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், மணியடிக்காத தலைவிக்கும் நன்றி சொல்லி, கூப்பிய கையோடு இறங்குகிறேன். வணக்கம்.