ஒரு நூல் ஆட்டம்

பழைய காரில் ஸ்டியரிங் ஆடுவது பெரிய விஷயமே இல்லை, இன்ஸ்பெக்டர் சார். முன்சக்கரம் திரும்புவதற்கு முன்னால் கையிலிருக்கும் வளையம் ஓர் அங்குலம் சும்மா ஆடும். அந்த ஓர் அங்குலத்தோடு பத்து வருஷம் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதை நானே எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதினால் 'துலுக்கானம் மகள் நாகவல்லி, வயது இருபத்திரண்டு, வீட்டு வேலை' என்று ஆரம்பிப்பார். காலையில் நான் வந்து, அந்த வண்டியின் ஸ்டியரிங்கை முடுக்கியது என் அப்பா இல்லை, நான்தான் என்றபோது ஸ்டேஷனே சிரித்தது. "இன்னாமே, ஸ்டியரிங் பாக்ஸ்னா அஞ்சறைப் பெட்டின்னு நென்ச்சிகினியா?" என்று கேட்டது நீங்கள். உள்ளே கம்பிக்குப் பின்னாலிருந்து அப்பா வேறு, "அது கொயந்தை சார், அதுக்கு இன்னா தெரியும், நான்தான் பண்ணேன்" என்று கத்தினார். மூன்று நாளாக அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருடைய வலது கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு வருஷமாக நடுங்குகிறது. டீ கிளாஸே நிற்காத கையில் ஸ்பானர் எப்படி நிற்கும்?

எங்கள் மண்ணூர்பேட்டை மெக்கானிக் ஷெட்டில் வாசலில் நின்று பேசுவது அவர். வண்டிக்கு அடியில் கிடப்பது நான். சாக்குப் படுதா தொங்கவிட்டிருப்போம். பெண் கை பட்டது என்று தெரிந்தால் வண்டி விடமாட்டார்கள். காலேஜ் முடிந்து வந்து சேலையை மாற்றிக்கொண்டு அடியில் போவேன். இந்த வருஷம் பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் பாஸ் செய்தேன். எங்கள் வகையறாவில் எட்டாவது தாண்டியவர்கள்கூடக் கிடையாது.

வண்டிக்காரர் ராஜசேகரன், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் போல்ட் ஃபாக்டரி வைத்திருக்கிறார். இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று பேப்பரில் போட்டிருந்தார். போனேன். அவரும் அவருடைய மச்சான் மகன் குணசேகரனும் உட்கார்ந்திருந்தார்கள். சர்டிபிகேட்டைத் தொடக்கூட இல்லை. ஜன்னல் வழியாகத் தன்னுடைய பழைய சீமைக் காரைக் காட்டி, "ஃபிசிக்ஸ்தானே? என் ஸ்டியரிங் ஏன் ஆடுதுன்னு சொல்லும்மா பாக்கலாம்" என்றார்.

சொன்னேன். ஒருவர் வளையத்தை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். அசைவு எந்த இடத்தில் காணாமல் போகிறதோ அங்கேதான் தேய்மானம் என்றேன். பார்க்காமல் சொல்வது ஜோசியம் என்றும் சொன்னேன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். "நீ துலுக்கானம் பொண்ணுல்ல? மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன். வண்டிய ஷெட்டுல விடறேன், அப்பாகிட்ட சொல்லிடு. ஒரு நூல்கூட ஆடக் கூடாது." வேலை, பி.யு.சி. தேறாத குணசேகரனுக்குப் போனது.

எங்கள் தொழிலில் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நான் அதை மறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. அப்பா மேலே உட்கார்ந்து ஆட்டினார், நான் கீழே படுத்துப் பார்த்தேன். ராடு மூட்டுகள் நன்றாக இருந்தன. தண்டின் மேல் புஷ் நன்றாக இருந்தது. தேய்ந்திருந்தது ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இருக்கும் வார்ம் என்கிற திருகுப் பல், அதுவும் நடுப்பகுதியில் மட்டும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே ஓடுகிறது, நடுப்பல்தான் முதலில் தேயும். புது வார்ம் பம்பாயிலிருந்து வரவேண்டும் என்று ஆள் அனுப்பிச் சொன்னோம். "டைட் பண்ணிக் குடு, போதும்" என்று பதில் வந்தது.

பாக்ஸின் மேல் மூடியில் ஒரு திருகு இருக்கிறது. முடுக்கினால் ஆட்டம் குறையும். ஆனால் தேய்ந்த நடுவுக்குச் சரியாக முடுக்கினால், தேயாத ஓரங்களில் பல் இறுகும். நேராகப் போகும்போது வண்டி புதுசு போல இருக்கும். பெரிய வளைவில் ஒடித்தால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், திரும்பி வராது. அதனால்தான் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இரண்டு விரலால் சுற்றிப் பார்ப்போம். எங்கே இறுகினாலும் தளர்த்திவிடுவோம். "ஒரு இன்ச்சு ஆடட்டும், உட்டுடு" என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடப் போனார்.

நான் ஓர் அங்குலம் விடவில்லை. ஒரு நூலும் விடவில்லை. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினேன். ஒன்றேகால் சுற்றில் பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்துத்தான் மீட்டேன். லாக் நட்டைப் போட்டு இறுக்கினேன். தெரியாமல் நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். தெரியாமல் செய்ய எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமையில் ராஜசேகரன்தான் ஓட்டுவார். மற்ற நாளில் டிரைவர் வேம்புலி அண்ணன். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தோம். வேம்புலி அண்ணன் மத்தியானமே வந்துவிட்டார். அப்பா ஷெட்டில் இல்லை. முதலாளி ஆவடியில் ஒரு பார்சல் போட்டுவிட்டுப் பூந்தமல்லிக்கு வரச் சொன்னாராம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி என்றால் பருத்திப்பட்டு ஏரி வளைவு. மழைக்கு ஏரி, ரோட்டு ஓரம் வரைக்கும் நிரம்பியிருந்தது. இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்.

எல்லாரும் செய்வது போல அவரும் உட்கார்ந்ததும் வளையத்தை ஆட்டிப் பார்த்தார். இங்கே ரிப்பேரைச் சோதிப்பது அப்படித்தான். ஆடினால் மோசம், ஆடாவிட்டால் நல்ல வேலை. "யம்மா, அசையவே இல்லியே! நைனா கை இன்னா கையி!" என்றார்.

"நைனா இல்லண்ணா. நான்தான் பண்ணேன்" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்கவில்லை. "நீயா தங்கச்சி? படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். மெட்ராஸ்லயே இப்டி ஒரு வேல பாத்ததில்ல" என்றார்.

ஷெட்டுக்கு வெளியே வண்டியை ஒடித்தார். நின்றார். தலையை நீட்டி, "திருப்பசொல்லோ மட்டும் கொஞ்சம் இறுக்கமா கீதே?"

"ஓட ஓட இளகிடும்ணா."

அவர் கையை ஆட்டிவிட்டுப் போனார். ஏரி வளைவில் ஒடித்த வளையம் திரும்பி வரவில்லை, வண்டியோடு அவரும் தண்ணீருக்குள் போய்விட்டார். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. அவர் சம்சாரம் பஞ்சவர்ணம் நேற்று ஷெட் வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள், அப்பாவைச் சொல்லி. ராஜசேகரன் உயிரோடு இருக்கிறார். புகார் கொடுத்ததே அவர்தான். ஆகவே கொன்றது அவருடைய திமிர், என்னுடைய கை வெறும் கருவி. இதை அப்படியே பதிவு செய்துகொள்ளுங்கள். அப்பாவை விட்டுவிடுங்கள். பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. போடுங்கள்.

வேம்புலி அண்ணனை இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இறங்குங்கள் என்று சொன்னால் வேலையில் குறை இருக்கிறது என்று ஆகிவிடும். அதற்குள் அவர் பாராட்டிவிட்டார்.

ஏரியிலிருந்து தூக்கிய வண்டி உங்கள் வாசலில்தான் நிற்கிறது. சந்தேகம் இருந்தால் சக்கரத்தை நேராக்கி, வளையத்தை ஆட்டிப் பாருங்கள் சார். இப்போதும் ஒரு நூல் ஆடாது.