எலுமிச்சம்பழம் பிழிகிற இடம்

— "இன்னாடா பூபாலா, பால் திரிஞ்சிகீது?"ன்னேன். "கம்முனு இரும்மா, இது பன்னீரு"ன்னான். "ஆரஞ்சு கலர்ல எந்த ஊர்ல பன்னீரு?"ன்னேன். "நம்ம ஊட்லதான், இன்னிலேர்ந்து"ன்னு சொல்லிக்கினே குண்டான தூக்கிக்கினு போயி கொல்லையில கவுத்துட்டான். மொத மொதல்ல அவன் இந்த ஆரஞ்சு பன்ச்சு பண்ணப்ப நடந்த கூத்து. உனக்குத் தெரியாது. நீ அப்ப இந்த ஊட்டுக்கு வரல.

— தெரியும் அத்தே. உங்க மவன் சொல்லிருக்காக. ஆனா அவுக சொன்ன கதையில குண்டானக் கவுத்தது நீங்கல்லா.

— நானா? அடப்பாவி! தன் மேல தப்பு வராம பேசறதுல அவங்கப்பனையே தூக்கி சாப்ட்ருவான்.

— பச்சப் பால ஊத்திட்டாகளாம், அதான் திரிஞ்சுதுன்னாக. அப்புறந்தான் டின் பாலுக்கு மாறினாக. அத்தே… நீங்க சிரிக்கிய.

— ஏன், சிரிக்கக் கூடாதா?

— அவுக போயி ரெண்டு வருசம் ஆச்சு. அவுக பேர எடுத்து நீங்க சிரிச்சு இன்னிக்குத்தான் பாக்கேன்.

— இன்னிக்கு நல்ல நாளுமே அகல்யா. சாயங்காலம் மாப்ள ஊட்டுக்காரங்க வராங்க. நாளைக்கு காலையில திருவேற்காட்டு கோயில்ல தாலி. மூஞ்ச தூக்கி வச்சிக்கினு ஒக்கார சொல்றியா? நீ ஆரஞ்ச கழுவு.

— மாப்ள ஊட்டுக்காரங்களாம். மருமவளுக்கு மாமியாளே மாப்பிள்ள பாத்து, மாமியா வீட்லயே விருந்தும் வைக்கிய. தெருவே வாயில கைய வச்சிக்கிட்டு நிக்கி.

— நிக்கட்டுமே. வாயும் அவங்குளுது, கையும் அவங்குளுது. எனக்கு இன்னா செலவு? இந்த வயசுல ஒரு பொண்ணு என்கூட ஒக்காந்து சீரியல் பாத்துக்கினே கெழவியாவணுமா?

— எனக்குப் பிடிச்சுத்தான் பாத்தேன்.

— புளுவாத. அந்த சீரியலு யாருக்கும் புடிக்காது. நடிக்கிறவளுக்கே புடிக்காது, மூஞ்சப் பாத்தாலே தெரியுது.

— சமையலுக்கு வந்த சுப்பராயன் அண்ணாச்சி, ரோஸ் மில்க்கு கொண்டாந்துருதேன்னு சொன்னாரு. நீங்கதான் கேக்கல. இந்த ஆரஞ்சு பன்ச்சத்தான் வைக்கணும், அதையும் நாந்தான் செய்யணும்னு ஒத்தக் கால்ல நின்னிய.

— ஆமா, நின்னேன்.

— என்னத்துக்கு அத்தே?

— மாப்ள பக்கத்துல கொயந்தைங்க வருது. கொயந்தைங்க இத ஆசையா குடிக்கும். அவ்ளோதான். …எங்கமே உன் இயர்போனு?

— அது என்னத்துக்கு இப்போ?

— இத பண்றப்பல்லாம் ஒரு காதுல மாட்டிக்குவியே. அவன் வேலைக்குப் போன எடத்துலேர்ந்து போன்ல பேசி அனுப்சான்ல, இது எப்டி பண்றதுன்னு. பக்கத்து ஊட்டு ரேணுகா பொண்ணோட பொறந்தநாளுக்கு. அத கேட்டுக்கினேதான பண்ணுவ.

— இன்னிக்கு வேண்டாம்னு நெனச்சேன்.

— அளவு தப்பா பூடும். வந்தவங்க முன்னால மானம் போவணுமா? மாட்டு.

— அளவெல்லாம் மனசுல இருக்கு.

— மாட்டுன்னா மாட்டுமே.

— சரி. மாட்டிட்டேன். போதுமா?

— போதும். நான் இப்டி ஓரமா ஒக்காந்து வெங்காயம் உரிக்கிறேன். நீ பாட்டுக்கு பண்ணு. அவசரமே இல்ல. நிறுத்தி நிறுத்தி கேளு.

— தோலு துருவுதேன்.

— வெள்ள படாம துருவு. கசந்துரும்.

— இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க இதச் செஞ்சதே இல்லையே.

— துருவுறப்ப வெள்ள தெரிஞ்சா டக்குனு பழத்த திருப்புவ. அந்த எடத்துல அவன் எதுனா சொல்றான் போலக்கீதுன்னு நெனச்சிக்குவேன்.

— நல்லா பாத்திருக்கிய.

— எனக்கு வேற இன்னா வேல? டின் பால ஊத்தறப்ப தலைய ஆட்டுவ. ஐஸ்கிரீம போட்டு கலக்குறப்ப "மெதுவாத்தான் கலக்குதேன்"னு வாய்க்குள்ளயே முனகுவ. சோடாவ கடைசியா ஊத்தறப்ப ஒரு பெருமூச்சு. அதோட முடிஞ்சிது. காதுலேர்ந்து எடுத்துருவ. …இன்னாமே அப்டி பாக்கற?

— ஒண்ணுமில்ல. கண்ணு எரியுது.

— வெங்காயம் உரிக்கிறது நானு. உனுக்கு ஏன் எரியுது?

— இங்க வரைக்கும் வருதுல்லா.

— ம்… மாப்ள குணசேகரன் தம்பி புது போன் வாங்கித் தரேன்னுச்சாமே.

— ஆமா. புனேக்குப் போனதும் வாங்கலாம்னு சொன்னாரு.

— பழைய போன இன்னா பண்ணுவ?

— இன்னும் யோசிக்கல.

— கடையில குட்த்து கழிச்சிக்காத. அதுல ஒண்ணும் பெருசா தர மாட்டானுங்க. எதுனா ஒரு டப்பாவுல போட்டு வச்சிரு.

— உங்களுக்கு வேணுமா அத்தே?

— எனுக்கு எதுக்கு? பட்டன் போனே எனுக்கு ஜாஸ்தி. கண்ணாடிய தேச்சிக்கினு கீறதுக்கு நான் இன்னா ஜன்னலு தொடைக்கிறவளா? சும்மா கேட்டேன்.

— நீங்க சும்மா எதையும் கேக்க மாட்டிய.

— பேச்ச வுடு. பழத்த புழி.

— அத்தே, நான் போவல.

— எங்க?

— எங்கயும். நாளைக்குக் கோயிலுக்கும் வரல, புனேக்கும் போவல. அவருகிட்ட நானே சொல்லிக்கிடுதேன். நல்ல மனுசன், புரிஞ்சுக்கிடுவாரு.

— அறைஞ்சேன்னா பாரு. நல்ல மனுசன்னு நீயே சொல்ற, அப்பறம் இன்னா? அந்தத் தம்பி மொத நாள் வந்தப்ப செவுத்துல மாட்டிகீற பூபாலன் போட்டோவப் பாத்துது. நான் பதறிப் பூட்டேன். அது இன்னா பண்ணுச்சி? செருப்ப கழட்டிட்டு வந்து கும்புட்டுது. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இவந்தான்னு. என் புள்ளைய பாத்து மூஞ்ச திருப்பாதவன்கிட்டதான் உன்ன குடுப்பேன்.

— உங்கள ஒத்தையில விட்டுட்டு…

— நான் ஒத்தையில இல்ல. ரேணுகா கீறா, கோயிலு கீது, அந்தப் பாழாப்போன சீரியலு கீது.

— இப்போ மட்டும் சீரியல் வேணுமாக்கும்.

— கொயுப்பு. பூபாலன் உனக்கு எங்க பேச்சு சொல்லிக் குடுத்தானே, ஞாபகம் கீதா? தெனம் அண்ணனூர் ஸ்டேஷன்ல ஏறி, அம்பத்தூர் வர்றதுக்குள்ள பத்து வாட்டி சொல்ல வப்பானாம். "கீது சொல்லு, கீறேன் சொல்லு"ன்னு.

— சொன்னா பொட்டி முழுக்கச் சிரிக்கும். அம்பாசமுத்திரத்துக்காரி வாயில அது நுழையவே இல்ல. கல்யாணத்துக்கு அப்புறந்தான் வந்துது.

— வந்துதா? எங்க, என் காதுல ஒரு நாளும் வுழலியே?

— அவுக மாதிரியே பேசிக் காட்டுவேன். அவுகளுக்கு மட்டும். கதவச் சாத்திக்கிட்டு. விழுந்து விழுந்து சிரிப்பாக.

— ஓ… அந்த சிரிப்பு அதுக்குத்தானா? நான் வேற இன்னான்னவோ நெனச்சிக்கினு டிவி சத்தத்த ஏத்தி வப்பேன்.

— அத்தே!

— சரி சரி. கல்யாண வீடியோவுல அவன் சிரிப்பாவது கீதான்னு போட்டுப் பாத்தேன், தெரியுமா? அந்த வீடியோக்காரன் மொதல்லேர்ந்து கடேசி வரைக்கும் பாட்டா போட்டு ரொப்பி வச்சிகீறான். என் புள்ள வாயத் தொறக்குறான், வாயிலேர்ந்து சினிமா பாட்டு வருது. அவன் போனுல எதுனா இருந்திருக்கும். அதான் ஆக்சிடென்டுல வண்டியோடவே நசுங்கிப் பூட்ச்சே.

— நீங்க எப்போ வீடியோ பாத்திய?

— நீ வேலைக்குப் போற நேரத்துல. …எலுமிச்சம்பழத்துக்கு வந்துட்டியா?

— ம். புழியுதேன்.

— புழி.

— புழிஞ்சாச்சு.

— இன்னாமே?

— என்ன அத்தே?

— நீ சிரிக்கல.

— சிரிக்கணுமா?

— எலுமிச்சம்பழம் புழியறப்ப சிரிப்ப. ஒவ்வொரு வாட்டியும் சிரிப்ப. வேற எந்த எடத்துலயும் இல்ல, இந்த எடத்துல மட்டும். போன மாசம் ரேணுகா ஊட்டு விசேசத்துக்குப் பண்ணப்பகூட சிரிச்ச. அதப் பாக்கத்தான்…

— அதப் பாக்கத்தான் ரோஸ் மில்க்கு வேண்டாம்னியளா?

— …ஆமா. நாளைக்கு நீ பூடுவ. போனும் பூடும். கடேசியா ஒருவாட்டி பாத்துக்கலாம்னுதான். இப்ப சொல்லு. இந்த எடத்துல அவன் இன்னாமே சொல்றான்?

— அத்தே, இதுல ஒண்ணும் ஓடல.

— சார்ஜு இல்லியா? வயரு அங்க கீது பாரு.

— சார்ஜ் இருக்கு. அவுக பேச்சு இல்ல. போன மழையில போன் நனைஞ்சு போச்சுல்லா, ஆவடியில ஒரு கடையில குடுத்து சரி பண்ணினோமே. போனு பிழைச்சுது. உள்ள இருந்தது ஒண்ணும் திரும்பல. அந்தப் பையன்கிட்ட அழுது கேட்டேன். "வராதுக்கா"ன்னுட்டான்.

— போன மழைன்னா… ஒரு வருசம் ஆவுதே. அதுக்கப்பறமும் மாட்டிக்கினுதான பண்ண?

— வெறும் இயர்போன் அத்தே.

— அப்ப நீ சிரிச்சது?

— நீங்க அங்க உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பிய. நான் சிரிச்சா, நீங்களும் சிரிப்பிய. உங்களுக்கே தெரியாது. காய நறுக்கிக்கிட்டே, தலையக் குனிஞ்சுக்கிட்டு. அவுக போனதுக்கு அப்புறம் உங்க முகத்துல அந்த ஒரு நேரந்தான் வெளிச்சம் வரும். அதையும் நிறுத்த எனக்கு மனசு வரல. இன்னிக்கு ஏமாத்த முடியல. அதான் சிரிக்கல.

— அது இருந்தப்ப எனுக்கு ஒருவாட்டி போட்டுக் காட்டியிருக்கலாம்லமே?

— நீங்க கேக்கவே இல்லையே அத்தே. அவுக குரலக் கேட்டா நீங்க தாங்க மாட்டியன்னு நெனச்சேன்.

— நான் எப்டி கேப்பேன்? புருசன் பொஞ்சாதிக்கு அனுப்சது. நடுவுல போயி கெழவி காத நீட்டுவாளா? நாக்கு நுனி வரைக்கும் வரும். முயுங்கிருவேன்.

— அதுல ஒரு ரகசியமும் கிடையாது. ஆரஞ்சு, எலுமிச்ச, ஐஸ்கிரீமு. நடுவுல உங்களத் திட்டுவாக. அவ்வளவுதான்.

— என்ன திட்றானா? எங்க?

— இங்கதான். எலுமிச்சம்பழம் புழியுத இடத்துல. "எங்கம்மா கையில மட்டும் பழத்தக் குடுத்துராத. என் மேல உள்ள கோவத்தையெல்லாம் அதுமேல காட்டி, கொட்டையோட சேத்துப் புழிஞ்சிரும்"னு சொல்லுவாக. அப்போ பின்னாடி மிசின் சத்தம் கேக்கும். அதுக்கு மேல கத்துவாக. சொல்லிட்டு அவுகளே சிரிப்பாக.

— கொட்டையோட சேத்தா…

— அத்தே? கோவமா?

— இல்ல. வார்த்த அவனுதுதான். கேட்டா வேற எவன் வார்த்தையோ மாரி கீது. உங்க ஊரு பேச்சுல வருது.

— எனக்கு இப்படித்தானே வருது.

— ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத. கண்ண மூடுனா அவன் மூஞ்சி வருது. அந்தக் கோடு போட்ட சட்ட வருது. "யம்மோவ்"னு வாசல்லேர்ந்தே கூப்டுக்கினு வருவானே, அந்த வாயி அசையுது. சத்தம் மட்டும் வர மாட்டேங்குது. பெத்தவமே நானு. எனுக்கு என் புள்ள கொரலு மறந்து பூட்ச்சி.

— எனக்கு மறக்கல அத்தே. எங்க மூச்சு வாங்குவாக, எங்க இழுப்பாகன்னு எல்லாம் இருக்கு.

— தெரியும். உனக்குள்ளதான் கீது. அதையும் எடுத்துக்கினு நாளைக்கு ரயிலேறப் போற.

— ஐஸ்கிரீம் உருகுது அத்தே.

— உருகட்டும். அந்தக் கதவ சாத்து. இப்டி வந்து என் முன்னால ஒக்காரு. கதவ சாத்திக்கினு அவனுக்கு பேசிக் காட்டுவன்னு சொன்னியே, அத மாரி… மொதல்லேர்ந்து, "யம்மோவ்"லேர்ந்து… எனுக்கு ஒரே ஒருவாட்டி அவனா பேசுமே.