நாற்பத்திரண்டாவது பொத்தான்

மதியம் இரண்டேகால் மணி. கிடங்குகளுக்குப் பின்னால் போகிற தெரு. இரண்டு பக்கமும் ஷட்டர் இறக்கிய கடைகள், ஒரு நாய்கூட இல்லை... நடந்து போகிறவரின் செருப்புச் சத்தம் மட்டும் முன்னால் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருகிறது.

பேய்க் கதை கேட்க வந்தால் மதியமா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நடந்தது அந்த நேரத்தில்தான், அதற்கு நான் என்ன செய்ய. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்த ஜன்னலைச் சாத்துங்கள்.

அந்தத் தெருவில் நடந்து போனவர் ஒண்ணாங்கிளாஸ் டீச்சர். பக்கத்துக் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறாரே, அவர்தான். அவருடைய கொழுந்தன் பெண்டாட்டி என்னோடு படித்தவள். அவள் சொல்லித்தான் எனக்கு முக்கால்வாசி தெரியும். நானாக நோண்டவில்லை. மூன்று தடவைதான் கேட்டேன்.

டீச்சரின் குரல் உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் அவர் "உக்காரு" என்றால் எதிர்க் கடையில் நிற்பவர்களும் உட்கார்ந்துவிடுவார்கள். அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் கட்டி. குரல்வளையையே எடுத்தாக வேண்டும், பத்து நாளில் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். உயிருக்கு ஒன்றும் ஆகாது. பேச்சு மட்டும் இருக்காது.

டீச்சர் அழவில்லை. "பாப்பாவை எப்படிக் கூப்பிடுவேன்?" என்று மட்டும் கேட்டாராம். பாப்பா அவருடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. புருஷன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். ஆக, தாயும் மகளும்தான். ஒருத்தர் கூப்பிட்டு ஒருத்தர் ஓடி வருவதுதான் அந்த வீடு.

கொழுந்தனுக்குக் காது மிஷின் கடையில் வேலை. அவன் ஒரு வழி சொன்னான். ஆபரேஷனுக்கு முன்னால் தேவையான வாக்கியங்களைப் பதிவு செய்துகொள்வது. சாப்பிட்டாயா, கதவைச் சாத்து, தூக்கம் வருதா... இப்படி நாற்பத்திரண்டு. எல்லாவற்றையும் கையடக்கமான ஒரு பெட்டியில் ஏற்றித் தருவான். பொத்தானை அமுக்கினால் டீச்சர் குரலில் பேசும்.

முதல் தடவை போனிலேயே பதிவு செய்து போட்டுக் காட்டினான்.

"யாரு இது?" என்றார் டீச்சர்.

"நீங்கதான் அண்ணி."

"நானா? உங்க அக்கா மூக்கடைச்சுக்கிட்டு பேசற மாதிரி இருக்கு."

கொழுந்தனுக்கு எதையாவது விளக்கச் சந்தர்ப்பம் கிடைத்தால் சோறு தண்ணீர் வேண்டாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நாம பேசறது நம்ம காதுக்கு ரெண்டு வழியா வருது அண்ணி. வெளிய காத்து வழியா ஒண்ணு. உள்ள மண்டை எலும்பு வழியா ஒண்ணு. எலும்பு வழியா வர்றது நல்லா கனமா இருக்கும். மிஷினுக்கு ஏது எலும்பு? அதுக்கு வெளிய வர்றது மட்டும்தான் கேக்கும். அதான் எல்லாருக்கும் அவங்கவங்க குரலைக் கேட்டா யாரோ மாதிரி தோணுது. ஆனா ஒண்ணு. இத்தனை வருஷமா மத்தவங்க உங்ககிட்ட கேட்டது இந்தக் குரலைத்தான்."

"மத்தவங்க கேட்டது மத்தவங்களோட இருக்கட்டும். எனக்கு என் குரல்தான் வேணும். இதை அழிச்சிடு."

அழித்துவிட்டான். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அவன் கடையில் காதுக்குப் பின்னால் எலும்பின்மேல் வைத்துச் சோதிக்கிற, சட்டைப் பித்தான் அளவில் சின்னக் கருவி ஒன்று உண்டு. அதேபோல இன்னொன்றைத் தேடிப் பிடித்தான். எலும்பின் அதிர்வையே எடுத்துப் பதிவு செய்கிற கருவி. அது வழுக்கி வழுக்கி விழவே, பாப்பாவின் சிவப்பு ஹேர்பேண்டை வாங்கி டீச்சர் தலையில் மாட்டி இறுக்கினான். கண்ணாடியில் பார்த்து டீச்சரே சிரித்தாராம். கடைசியாகச் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் கடை சாத்தியிருக்கும். அதனால்தான் இரண்டேகால் மணி. காது சோதிக்கிற அறை கடையின் கோடியில். பிரிட்ஜ் கதவு மாதிரித் தடிமனான கதவு. சுவர் முழுக்கப் பஞ்சு. பழைய ரப்பர் வாடை. கதவு மூடியதும்... ஒரு சத்தம் கிடையாது. கழுத்தைத் திருப்பினால் எலும்பு 'கடக்' என்பது கேட்கும். எச்சில் விழுங்கினால் குடத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன். அவன் போட்ட விதி ஒன்றுதான். "ஒரு வாக்கியம் சொல்லுங்க. சொல்லிட்டு மனசுக்குள்ள எண்ணுங்க. நான் கட்டை விரலைத் தூக்கற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருக்கணும், நடுவுல அசையக்கூடாது." வாக்கியத்துக்கு வாக்கியம் கொஞ்சம் மௌனம் இருந்தால்தான் வெட்ட வசதி. ஐந்து எண்ணுவதற்குள் விரலைத் தூக்கிவிடுவான்.

டீச்சர் விதியை மீறுகிறவரா. எழுதிப் போட்டால் அப்படியே நடப்பார்.

நாற்பத்தொன்று ஒழுங்காக முடிந்தது. கடைசி வாக்கியம். "பாப்பா, இங்க வா."

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். மனதுக்குள் எண்ணினார். ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு... ஐந்து...

கொழுந்தனின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி. ஒரு படுக்கை காலியாகிவிட்டது, இன்றைக்குச் சாயங்காலமே வந்து சேருங்கள், காலையில் ஆபரேஷன். அவன் பதறி எழுந்து கதவைத் திறந்து, "கிளம்புங்க அண்ணி" என்றான். மணி இரண்டு நாற்பது.

விரலைத் தூக்கவில்லை. மறந்துவிட்டான்.

பதினான்காம் நாள் டீச்சர் வீடு திரும்பினார். கழுத்தில் வெள்ளைத் துணி, கையில் சிலேட்டு, இன்னொரு கையில் பெட்டி. வாசலிலேயே நாற்பத்திரண்டாவது பொத்தானை அமுக்கினார்.

"பாப்பா, இங்க வா."

ஓடி வந்த குழந்தை பாதியில் நின்றது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கனமான குரல். டீச்சருக்கு அது அச்சு அசல் தன் குரல். குழந்தை அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

"இது அம்மா இல்ல."

அதற்கு அம்மா என்றால் அந்த மூக்கடைத்த குரல்தான். அது அழிந்துபோயிற்று. டீச்சரைத் தவிர உலகத்தில் யாருமே கேட்டிராத ஒரு குரலை அவர் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்... பாவம்.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, பிறகுதான் சிலேட்டில் எழுதிக் காட்டினாராம். பேப்பர் படித்தால் கண் எழுத்தின்மேல் போகிறது, உள்ளே படிக்கிறவர் இல்லை. நாமெல்லாம் மனதுக்குள் பேசிக்கொள்வோமே, அந்தப் பேச்சே நின்றுவிட்டது. மண்டைக்குள் ஆள் காலி செய்து போன வீடு மாதிரி இருந்ததாம்.

இருபதாம் நாள். மதியம் மூன்று நாற்பது. பாப்பா பள்ளிக்கூடத்தில். டீச்சருக்கு ஒரு யோசனை. பெட்டியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி வைத்துக் கேட்டால் என்ன, பழைய மாதிரி உள்ளுக்குள்ளிருந்து கேட்குமே.

அமுக்கினார். "பாப்பா, இங்க வா."

பிறகு மௌனம். அவசரத்தில் கொழுந்தன் மௌனங்களை வெட்டவே இல்லை. உஸ்ஸென்று மெல்லிய இரைச்சல்... அதற்குள்ளிருந்து...

ஒன்று. இரண்டு. மூன்று.

டீச்சர் பெட்டியை இன்னும் அழுத்திப் பிடித்தார். அவர் வாயைத் திறந்து எண்ணவில்லையே. மனதுக்குள் எண்ணியதல்லவா அது. நான்கு. ஐந்து. பெட்டியின் விளக்கு அணைந்தது. பதிவு அவ்வளவுதான். பெட்டியை எடுக்கப் போனார்.

"பதினேழு லட்சத்து முப்பத்தோராயிரத்து அறுநூற்று நான்கு."

அதே குரல். நிதானமாக. "அறுநூற்று ஐந்து... அறுநூற்று ஆறு..."

டீச்சர் அல்லவா. பயந்தாலும் கணக்குப் போடாமல் இருப்பாரா. சிலேட்டில் எழுதி அறுபதால் வகுத்தார், மறுபடியும் அறுபதால் வகுத்தார், இருபத்துநான்கால் வகுத்தார். இருபது நாள், ஒரு மணி நேரம், நான்கு விநாடி. கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அறையில் எண்ண ஆரம்பித்தது இரண்டு நாற்பதுக்கு. அன்றிலிருந்து ஒரு விநாடிகூட விடாமல் எண்ணிக்கொண்டே இருக்கிறது. விரலைத் தூக்காமல் நிறுத்தக்கூடாதே.

ஒரு விநாடிக்குள் அவ்வளவு பெரிய எண்ணை எப்படிச் சொல்லும் என்று கேட்காதீர்கள். நமக்குத்தான் நாக்கு புரள வேண்டும். அதற்கு ஏது நாக்கு.

மறுநாள் அதே இரண்டேகால் மணிக்கு அதே தெருவில் நடந்து கொழுந்தன் முன்னால் போய் நின்றார். எண்ணுகிற குரலைப் பற்றிச் சிலேட்டில் எழுதிக் காட்டி, கடைசியாக இரண்டே வார்த்தை. "விரலைத் தூக்கு."

"மருந்து வேகம் அண்ணி, தலை சுத்தும்" என்று சிரித்தான் அவன். ஆனாலும் அண்ணி சொல்லைத் தட்டுகிறவன் இல்லை. அன்றைக்குப் போலவே கருவியை வைத்து ஹேர்பேண்டால் இறுக்கினான். அறைக்குள் உட்கார வைத்தான். கதவைச் சாத்தினான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தான்.

டீச்சர் வாய் மூடியிருந்தது. பேச அந்தத் தொண்டையில் ஒன்றும் கிடையாது. ஆனால் திரையில் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஒரு தரம்.

அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை. மணி இரண்டே முக்கால். கையைத் தூக்கி, கட்டை விரலைக் காட்டி, "போதும் அண்ணி" என்றான்.

இன்னொரு காதோரம் பெட்டியை வைத்திருந்த டீச்சருக்கு, பதினெட்டு லட்சத்துப் பதினாலாயிரத்து எழுநூறு என்று கேட்டது. அத்தோடு நின்றது. திரையில் கோடு படுத்துவிட்டது. மண்டைக்குள் குரல் திரும்பி வந்துவிடும் என்று டீச்சர் கண்ணை மூடிக் காத்திருந்தார்.

வரவில்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஹேர்பேண்டைக் கண்ணாடிப் பக்கத்து ஆணியில் மாட்டினார். சாயங்காலம் ஆறு ஐம்பத்தைந்து. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பாப்பா எழுந்து, தானாக வந்து, டீச்சர் தோளில் சாய்ந்துகொண்டது. ஒரு வாரமாகக் கிட்டவே வராத குழந்தை. தலையில் சிவப்பு ஹேர்பேண்ட்.

"இப்பதான் அம்மா பேசறாங்க" என்றது. உதடு அசைந்தது. டீச்சர் காதைப் பக்கத்தில் கொண்டு போனார்.

"பதினேழு லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து எழுநூறு."

அந்தக் குழந்தைக்கு நூறுக்கு மேல் எண்ண வராது.

"அறுநூற்றுத் தொண்ணூற்றொன்பது... அறுநூற்றுத் தொண்ணூற்றெட்டு..."

இறங்குகிறது.

ஹேர்பேண்டைக் கழற்றக் கை போனது. குழந்தையின் கன்னம் தோளில் கதகதவென்று இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம், என்று கை அப்படியே நின்றுவிட்டது. தப்பென்று யார் சொல்வது. மறுநாள் கழற்றப் பார்த்தபோது குழந்தை விடவில்லை. குளிக்கும்போதும் விடவில்லை, தூங்கும்போதும் விடவில்லை.

இதெல்லாம் நடந்து இன்றைக்கு இருபது நாள் முடிந்துவிட்டது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்த நேரத்துக்கு அறுபதாயிரத்துச் சொச்சத்தில் இருக்கும். நாளை மதியம் இரண்டு ஐம்பதுக்கு ஒன்று வந்துவிடும்.

சாயங்காலம் குடை கேட்கிற சாக்கில் அங்கே போனேன். மழை இல்லை என்பது படியேறிய பிறகுதான் உறைத்தது. கதவு திறந்திருந்தது. பாப்பா தரையில் உட்கார்ந்திருந்தது, தலையை ஒரு பக்கம் சாய்த்து... யாரோ சொல்வதைக் கேட்கிற மாதிரி. டீச்சர் எதிரே, மடியில் சிலேட்டோடு.

"ஒண்ணு வந்ததும் வரட்டுமான்னு கேக்கறாங்க" என்றது குழந்தை. கண்ணாமூச்சி விளையாட்டில் கேட்பது போல. "என்ன சொல்ல?"

டீச்சர் சாக்பீஸை எடுத்தார். சிலேட்டில் வைத்தார். கை நகரவில்லை. சரி என்று எழுதுவதா வேண்டாமா என்று அவர் தவிக்கிற தவிப்பு எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

பாப்பா நிமிர்ந்து, பள்ளிக்கூடத்தில் பார்க்கிற மாதிரி மரியாதையாக அவரைப் பார்த்தது.

"எழுத வேணாம் டீச்சர்" என்றது. "நானே அம்மாகிட்ட சொல்லிட்டேன்... வான்னு."