தொண்ணூத்தொம்போது யூனிட்டு

இல்ல சார், கரண்டு இருக்குது. நான்தான் மெயின எறக்கி வச்சிருக்கேன். மீட்டரு அதுக்கு முன்னாடி இருக்கறதால நம்பரு தெரியும், எட்டிப் பாருங்க. தோ, அந்த ஸ்டூலு மேல ஏறிக்குங்க, ஆடாது. செருப்போடவே ஏறுங்க, பரவால்ல.

எம்மாம் காட்டுது? பதினாலாயிரத்து முந்நூத்திப் பதினொன்னா? தெரியும் சார், நீங்க கழிச்சிப் பாக்க வேணாம். போன தபா பதினாலாயிரத்து எரநூத்திப் பன்னண்டு. தொண்ணூத்தொம்போது வருது. நூறுக்குள்ள. பில்லு ஜீரோ. போட்டுட்டுப் போயிக்கினே இருங்க.

சர்வரு சுத்துதா? சுத்தட்டும், சுத்தட்டும். இந்த சிதம்பரத்துல எதுதான் சட்டுனு நடந்துருக்குது. நிழல்ல உக்காருங்க. டீ போடட்டுமா? பால் கெடையாது, வரட்டீதான், சக்கரையும் கம்மியாத்தான் இருக்கும். வேணாமா? சரி, உங்க இஷ்டம்.

என்னா சார், அட்டைய அப்புடித் திருப்பித் திருப்பிப் பாக்குறீங்க? ஆமா, எறங்கிக்கிட்டேதான் வருது. போன வருசம் ஆடி மாசம் அறுநூத்தி இருவது. அப்புறம் நானூறு, அப்புறம் எரநூத்திப் பத்து, அப்புறம் நூத்தி நாலு, இப்ப இது. கொக்கி போடுறனான்னு பாக்குறீங்களா? நல்லாப் பாருங்க. மீட்டரு சீல இழுத்துப் பாருங்க. ஒரு திருட்டு வேல இந்த வூட்டுல நடக்காது. எங்க வூட்டுக்காரு பஸ் ஸ்டாண்டாண்ட மிக்ஸி, கிரைண்டரு ரிப்பேர் கட வச்சிருந்தாரு சார், இருவத்திரெண்டு வருசம். காத்தவராயன் கடைன்னா அண்ணாமலை நகரு வரைக்கும் தெரியும். மோட்டாருக்குக் காயில் கட்டுறதுல அவுர மிஞ்ச ஆளில்ல. அவுரு நெனச்சிருந்தா மீட்டரையே பின்னாடி ஓட வச்சிருப்பாரு. செஞ்சதில்ல.

உள்ளல்லாம் வரவேணாம் சார். வொயரு போற வழி இங்கருந்தே தெரியுது பாருங்க. அந்த ரூமுல அவுரு படுத்திருக்காரு. தூங்குறாரு. ரெண்டு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல, இப்பத்தான் கண்ண மூடியிருக்காரு. எழுப்பக் கூடாது.

எப்புடிக் கொறச்சேன்னு கேக்குறீங்க, சொல்றேன். ஃப்ரிட்ஜ வித்தோம். அதுலயே பாதி போச்சி. கேபிள வெட்டிட்டேன், டிவிக்குத் துணி போட்டு மூடி வச்சிருக்கேன். மிக்ஸி ரிப்பேர் பண்ணவரு வூட்டுல மிக்ஸி ஓடாது, அம்மியிலதான் அரைக்கறேன். சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க. தண்ணி தெருக்கொழாயிலதான் புடிப்பேன், மோட்டாரு போட மாட்டேன். பல்பு ரெண்டே ரெண்டு, ஒம்போது வாட்டு. ஒன்னு எரிஞ்சா இன்னொன்னு எரியாது. கேஸு சிலிண்டரு நாலு மாசத்துக்கு வரும். ஒரு வேளதான் பொங்குவேன், மிச்ச வேளைக்குத் தண்ணி ஊத்தன சோறுதான். குளிக்கற சோப்ப நூலு வச்சி நாலா அறுத்துடுவேன். ஆயிரம் வாட்டு ஒரு மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட்டு. இதல்லாம் அவுரு சொல்லிக் குடுத்தது. எனக்கு அஞ்சாங்கிளாஸுதான், ஆனா எந்தச் சாமான் எம்மாம் இழுக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

ஃபேனா? பங்குனி வெயில்ல ஃபேன் போடாம எப்புடின்னு பாக்குறீங்களா? விசிறி இருக்குது சார். கை இருக்குது.

நூறு தாண்டுனா என்னம்மா, யூனிட்டுக்கு ரெண்டு ரூவா சொச்சம்தானேன்னு சுலுவா சொல்லிட்டீங்க. எம் மருமவனும் இதத்தான் சொல்றாரு. எம் பொண்ணு எழிலரசி கடலூரு மஞ்சக்குப்பத்துல வாக்கப்பட்டிருக்குறா, அந்த மருமவன். கருமித்தனம்னு எம் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு. அவுருக்கு என்னா தெரியும். அந்தப் பொம்பள எங்க வாசப்படியில உக்காந்தப்ப அவுரா பதில் சொன்னாரு?

ராசம்மாள்னு ஒரு அம்மா சார், வட்டிக்குக் குடுக்கறது. கொரோனாவுல, அந்த ரெண்டாவது அலையில, எங்க வூட்டுக்காருக்கு மூச்சு முட்டிப் போச்சி. எங்கயும் பெட்டு கெடைக்கல. கடலூர்ல ஒரு பிரைவேட்டு ஆஸ்பத்திரியில பதினோரு நாளு. நாலரை லச்சம். நக, பாத்திரம், பொண்ணு வூட்டுல வாங்குனது எல்லாம் போவ, மூணு லச்சம் ராசம்மாள்கிட்ட. மூணு வட்டி. உசுரோட வந்தாரு, அது வரைக்கும் சாமி புண்ணியம். ஆனா நொரையீரலு பாதி பஞ்சாப் பூடுச்சி. கடைக்குப் போவ முடியல. கடைய வித்து அசலுல கொஞ்சம் கட்டுனோம். மிச்சத்த நான் கட்டுனேன். நாலு வூட்டுல பாத்திரம் தேச்சி, கல்யாண மண்டபத்துல காய் நறுக்கி.

அந்தம்மா கத்தாது சார். கெட்ட வார்த்த பேசாது. வந்து வாசப்படியில உக்காந்து வெத்தல போடும். அவ்ளோதான். தெருவுல போறவங்கல்லாம் என்னா ராசம்மாக்கா இங்கன்னு கேப்பாங்க. ஒன்னுமில்ல, தில்லையம்மாள் குடுக்கறன்னுச்சி, வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்னு சிரிக்கும். மூணு வருசம் அந்தச் சிரிப்பு. உள்ள அவுரு இருமறத அடக்கிக்கினு கெடப்பாரு. இருமுனா, ஆம்பள வூட்டுலதான் இருக்கறான்னு தெரிஞ்சிடும்ல.

போன ஆடியில கடேசி ரூவாய கட்டி, புரோநோட்ட கையில வாங்கிக்கினு வந்தேன். அன்னைக்குத்தான் சார் மூணு வருசத்துக்கப்புறம் தெரு நடுவுல நடந்தேன். சத்தியமா சொல்றேன், கோவுரத்தப் பாத்துக்கினே கீழ வீதி பூரா ஒரு காரியமும் இல்லாம நடந்தேன். வூட்டுக்கு வந்து பாத்தா உங்க ஆளு அட்டையில எழுதிட்டுப் போயிருக்குது. அறுநூத்தி இருவது யூனிட்டு. மூவாயிரத்து நூத்தி சொச்சம்.

கையில ஒத்த ரூவா இல்ல. பீசு புடுங்கிடுவாங்கன்னு பயம். எங்க போவேன்? பதினஞ்சா நாளு திரும்பி அதே ராசம்மாள் வூட்டுக்குத்தான் போனேன். என்னப் பாத்ததும் அது என்னா சொல்லிச்சி தெரியுமா? வருவன்னு தெரியும் தில்ல, அதான் உன் நம்பர அழிக்கலன்னுச்சி. அப்புடியே திரும்பிட்டேன். அந்த வாரந்தான் ஃப்ரிட்ஜு போச்சி.

அன்னைக்கு அவுரு என் கையப் புடிச்சித் தன் தலையில வச்சிக்கிட்டாரு. இனிமே இந்த வூட்டுக்கு ஒரு பில்லும் வரக் கூடாதுடின்னாரு. யாரும் ஒரு நம்பர எழுதி நம்ம கையில குடுக்கக் கூடாதுன்னாரு. புருசன் தலையில அடிச்ச சத்தியம் சார் அது. போன தபா நூத்தி நாலு வந்து பத்து ரூவா கட்டச் சொல்லிச்சி. அந்தப் பத்து ரூவாவுக்கு அந்த மனுசன் ரெண்டு நாளு சோத்துல கை வைக்கல. நாம தோத்துட்டோம்னாரு. பத்து ரூவாதான்னு நீங்க சொல்லுவீங்க. மூணு லச்சமும் மொதல்ல ரெண்டாயிரமாத்தான் சார் ஆரம்பிச்சிது, ஆம்புலன்ஸுக்கு.

இன்னும் சுத்துதா? மேல வந்து நின்னீங்கன்னா டவரு நல்லா கெடைக்கும். உள்ள வேணாம், வாசப்பக்கம்.

அறுநூத்தி இருவது எப்புடி வந்துதா? அது மெஷினு சார். ஆக்சிஜன் மெஷினு. காத்துலேருந்து புடிச்சி மூக்குக்கு அனுப்பும். எழிலரசி தன் வளையல வச்சி வாங்கிக் குடுத்தா. டாக்டரு ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் வைக்கச் சொன்னாரு. முந்நூத்தி அம்பது வாட்டு. நீங்களே கணக்குப் போட்டுக்குங்க, அது ஒன்னே நூற எப்பவோ முழுங்கிடும். அதனால பத்து மணி நேரமாக்குனோம். அப்புறம் அஞ்சி. அப்புறம் காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். நான் கொறைக்கல சார், என்ன அப்புடிப் பாக்காதீங்க. அவுரேதான் கொறச்சாரு. படுத்துக்கினே பேப்பர்ல கணக்குப் போடுவாரு. மீட்டர்ல செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குதே, அதப் பாத்துக்கினே இருப்பாரு. மெஷின போட்டா வேகமா அடிக்கும். போதும்டி, நிறுத்துன்னுவாரு. நான் இன்னும் கொஞ்ச நேரம்னுவேன். கத்துவாரு. கத்துனா இன்னும் மூச்சு வாங்கும். நிறுத்திடுவேன்.

நீங்க எட்டாந்தேதி வந்திருக்கணும் சார். முன்னாடி வந்த அந்த மேடம் எட்டாந்தேதின்னா எட்டாந்தேதி, காலைல பத்துக்கெல்லாம் வந்து நிக்கும். இப்ப தேதி பன்னண்டு. லீவுல இருந்தீங்களா? உங்க மேல தப்பு சொல்லல. எட்டாந்தேதி காலைல தொண்ணூத்தேழு. எங்க ரெண்டு பேருக்கும் அப்புடி ஒரு சந்தோசம். வாசல்லயே உக்காந்திருந்தேன். வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், எழுந்துடுவேன். வரல. ஒம்போதாந்தேதி தொண்ணூத்தெட்டு. வரல. பத்தாந்தேதி மத்தியானம் இந்த தொண்ணூத்தொம்போது வந்துச்சி. மெயின எறக்குடின்னாரு. மெஷினு வேணுமேன்னேன். நாளைக்கு வந்துடுவாங்க, ஒரு நாளு தாங்குவேன், எழுதிட்டுப் போன ஒடனே ராத்திரி பூரா போட்டுக்கறேன், புதுக் கணக்கு ஆரம்பிச்சிடும்லன்னாரு. நெசமாவே சிரிச்சாரு சார், சொல்லும்போது.

நேத்து நீங்க வரல.

பக்கத்துத் தெரு வரைக்கும் வந்தீங்களாமே. அந்த முக்குக் கட ரேகா சொல்லிச்சி. சாயங்காலம் ஆயிடுச்சின்னு திரும்பிட்டீங்களாம். பரவால்ல, உங்களுக்கும் வூடு வாசல் இருக்குதுல்ல.

ஊதுபத்தி வாசன வருதா? வெள்ளிக்கெழம சார். காலைலயே ஏத்திட்டேன்.

ஆங், சத்தம் வந்துச்சே? என்னா சொல்லுது? ஓகே ஆயிடுச்சா? எங்க, அட்டையிலயும் எழுதுங்க. என் கண்ணு முன்னாடி எழுதுங்க. தொண்ணூத்தொம்போது. பக்கத்துல ஜீரோ. கையெழுத்துப் போடுங்க. எம் போனுலயும் மெசேஜு வந்துடிச்சி, இருங்க பாக்கறேன். ஜீரோதான். இனிமே மாத்த முடியாதுல்ல? என்னா ஆனாலும் மாத்த முடியாதுல்ல? சரி சார். ரொம்ப சந்தோசம்.

இனிமே ஓடறதெல்லாம் அடுத்த கணக்குலதான சேரும்? இல்ல, எதுக்குக் கேக்கறன்னா, ஐஸ் பொட்டி வரும். நம்ம வூட்டுக் கரண்டுதான் குடுக்கணும்பாங்க. எழிலரசி கடலூர்லேருந்து வரணும், அவ சின்ன மாமனாரு திருப்பூர்லேருந்து வரணும், ராத்திரி பூரா ஓடும். வாசல்ல ரெண்டு டியூப் லைட்டு வேற கட்டுவாங்க. எப்புடியும் பத்துப் பதினஞ்சி யூனிட்டு இழுத்துடும். அது போனா போவட்டும். மெஷினு இனிமே வேணாம். நான் ஒருத்திதான். நூறு தாண்டாது.

உக்காருங்க சார், ஒன்னுமில்ல. வெடியகால அஞ்சரை மணி இருக்கும். ஜன்னல்ட்ட சாச்சி வச்சி விசிறிக்கிட்டுதான் இருந்தேன். மெயின போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னு தலைய ஆட்டுனாரு. ரெண்டு தபா கேட்டேன். மூணாவது தபா கேக்கும்போது ஆட்டல. நான் போட்டிருக்கணும். நான் எதுக்கு சார் அவுரக் கேட்டுக்கினு நின்னேன்?

காலு கட்ட வெரல வேட்டியக் கிழிச்சி நானே கட்டிட்டேன். வாயையும் கட்டிட்டேன். எழிலரசிக்கு இன்னும் போன் பண்ணல. யாருக்கும் சொல்லல. எழவு வூடுன்னு தெரிஞ்சா நீங்க வெளியிலயே நின்னு, அப்புறம் வரேன்னு பூடுவீங்க. காரியம் முடிஞ்சி பதினாறு நாளு கழிச்சி வந்து எழுதுவீங்க. நூறு எங்க இருக்கும்? அந்த மனுசன் உசுர விட்டுப் புடிச்ச நம்பரு சார் அது.

நீங்க வண்டிய எடுத்துக்கினு கெளம்புங்க. காலைலேருந்து முந்தானைய வாயில வச்சி அடச்சிக்கினு இருக்கேன், இதுக்கு மேல முடியல. நீங்க தெரு முக்கு திரும்பறதுக்குள்ள நான் அழ ஆரம்பிச்சிடுவேன். சத்தம் கேட்டுத் திரும்பி வராதீங்க.